பையில் போட்ட வார்த்தை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் சலவைக்கூடத்துக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்றுதான் பதில் வரும். பாக்கெட் அண்ணன் என்று கேளுங்கள், உடனே உள்ளே கைகாட்டுவார்கள்.

ஊர்க்கோடியில் தகரக்கூரை போட்ட நீளமான கூடம் அது. ஒரு பக்கத்துக் கதவில் லாரி வந்து ஆஸ்பத்திரி, ஹோட்டல் அழுக்கு மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போகும். மறுபக்கத்துக் கதவில் வேறொரு லாரி வந்து, வெளுத்து மடித்ததை ஏற்றிக்கொண்டு போகும். நடுவில் மெஷின், டிரையர், இஸ்திரி, மடிப்பு மேஜை. பாக்கெட் அண்ணன் நிற்பது முதல் கதவுக்குப் பக்கத்தில். வருகிற ஒவ்வொரு உடுப்பின் ஒவ்வொரு பையிலும் கையை விட்டு, இருப்பதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அப்புறம்தான் துணியை மெஷினுக்கு அனுப்ப வேண்டும். இது என்ன பெரிய வேலை என்று கேட்கிறவர்களை ஒரே ஒரு நாள் அங்கே நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பேனா உள்ளே போனால் மெஷின் நிறைய நீலம். ஒரு காகிதம் உள்ளே போனால் கேட்கவே வேண்டாம். கூழாகி, தூளாகி, ஒவ்வொரு இழையிலும் ஒட்டிக்கொண்டு பிராணனை வாங்கிவிடும்.

பாக்கெட் அண்ணன் கைபட்டு ஒரு காகிதம் உள்ளே போனதாக அந்தக் கூடத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், வெளியே எடுத்ததைப் பற்றி அவர் மூச்சுவிட்டதில்லை. சிகரெட்டை விட்டுத் தலைமுழுகிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லும் டாக்டரின் கோட்டில் தீப்பெட்டி இருக்கும். கல்லுமாதிரி முகத்தை வைத்திருக்கும் நர்ஸம்மாவின் பையில் அரை டஜன் மிட்டாய் இருக்கும். எல்லாம் தட்டுக்கு வரும், தட்டிலிருந்து உறைக்குள் போகும், உடையவர்களிடமே திரும்பிவிடும். வாயே திறக்கமாட்டார் மனிதர்.

வாயைத் திறக்காததற்கு நல்ல குணம் மட்டும் காரணமில்லை. அவருக்குத் திக்குவாய். வார்த்தை நெஞ்சிலிருந்து ஒழுங்காகத்தான் கிளம்பும். தொண்டைக்கு வந்ததும் கதவடைத்தாற்போல் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்பார், "உள்ளேன் ஐயா" என்பதில் முதல் எழுத்தோடு மல்லுக்கு நிற்பார். வாத்தியாருக்குப் பொறுமை ஏது? கண்ணெதிரே நிற்கிற பையனுக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். பதிலை மாமாதான் சொன்னார். இப்படி வாழ்க்கை முழுக்க அவருடைய வார்த்தையை வேறு யாராவதுதான் முடித்துவைத்திருக்கிறார்கள். உதவி செய்வதாக நினைப்பு! அடுத்தவர் வாயிலிருந்து பாதி வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் உதவியா? கேட்டால் எனக்கே கோபம் வருகிறது. அவருக்கு வந்ததில்லை.

அப்படிப் பிடுங்குவதில் முதல் ஆள் அவருடைய உயிர் நண்பர்தான். மெஷின்காரர். காலமெல்லாம் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, தண்ணீர் கேட்டாலும் கூடமே திரும்பிப் பார்க்கும்படியான குரல். அதனால் அவருக்கு ஸ்பீக்கர் என்று பெயர். தங்கமான மனிதர். பாக்கெட் அண்ணனோடுதான் சாப்பிடுவார், பாதிச் சாப்பாட்டை அவர் டப்பாவில் கொட்டுவார். பாக்கெட் அண்ணன் ஒரு எழுத்தில் நின்றால் போதும், இவர் மீதியைச் சொல்லிவிடுவார். "த... த..." என்றால் "தண்ணியா, இந்தா". "ச... ச..." என்றால் "சட்னி சூப்பரா இருக்குங்கறான்". பாதி சரியாக இருக்கும், பாதி தப்பாக இருக்கும். தப்பாக இருந்தாலும் பாக்கெட் அண்ணன் தலையாட்டிவிடுவார். எதற்கு வம்பு?

அவர் வார்த்தையை முடிக்காமல் விடுகிற ஒரே ஆள் அவருடைய மனைவி. தையல் கடை வைத்திருக்கும் அந்த அம்மாள் வாய் திறந்தால் அளவெடுக்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்துவிடுவார்கள். ஆனால் புருஷன் பேச ஆரம்பித்தால் மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தப் பழக்கம் அவளுக்குச் சபையில் வந்தது. இருவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகும் கிறிஸ்தவச் சபை, ஒரு கடைத்தெரு மாடியில், மடக்கு நாற்காலி போட்ட ஒற்றை அறை.

அந்தச் சபையில்தான் தொடங்கியது வினை. போதகர் ஒரு நாள் ஆராதனை முடியும்போது சொன்னார்: "நாம ஆண்டவரைப் பத்தி நமக்குள்ளயே பேசிக்கிட்டிருக்கோம். கூட வேலை செய்யறவங்க நம்மோட பக்கத்துலயேதான் நிக்கறாங்க. இந்த மாசம் ஒவ்வொருத்தரும் வேலை செய்யற இடத்துல ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும்." அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் யாரிடம் சொன்னோம் என்று சாட்சி சொல்ல ஆரம்பித்தார்கள். டிரைவர் ஒருவர் டிப்போவில் சொன்னாராம். ஆசிரியை ஒருத்தி தலைமையாசிரியையிடமே சொன்னாளாம். தையல்கார அம்மாள் யாரிடமெல்லாம் சொன்னாள் என்பதைக் கேட்டு முடிப்பதற்குள் போதகருக்கே பசித்துவிட்டது.

பாக்கெட் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காததுதான் அவரைக் குத்தியது. இவனால் முடியாது என்று எல்லோரும் பெரிய மனதோடு விட்டுவிட்டார்கள். அவருக்கோ, ஸ்பீக்கரிடமாவது சொல்ல வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. தன்னிடமிருக்கும் நல்லது அத்தனையையும் நண்பனோடு பங்குபோட்டாயிற்று, இது ஒன்றை மட்டும் ஒளித்துவைத்துச் சாப்பிடுவதுபோல் இருந்தது.

வீட்டில் மனைவி, சபையில் ஊருக்குக் கொடுக்க அச்சடித்த ஒரு கட்டு கைப்பிரதியை அவருடைய சாப்பாட்டுப் பையில் வைத்தாள். உள்ளங்கை அகலத் தாள், முகப்பில் ஒரு சூரியோதயப் படம், உள்ளே பொடி எழுத்து.

"நீங்க வாயே திறக்க வேணாம். கையில குடுத்தா போதும். மீதியை ஆண்டவர் பாத்துப்பார்" என்றாள்.

கையில் கொடுப்பது மட்டும் லேசா? கொடுத்தால் "என்ன இது" என்று கேட்பார்களே, அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டாமா? திங்கட்கிழமை அந்தக் கட்டு சாப்பாட்டுப் பையிலேயே வீட்டுக்குத் திரும்பியது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, சாப்பிடும்போது ஸ்பீக்கரின் பக்கம் திரும்பினார்.

"உன்கிட்ட ஒரு வி... வி..."

"விரலா? வலிக்குதா? நாள்பூரா பையில கைவிட்டா வலிக்காம என்ன செய்யும்? இரு." ஸ்பீக்கர் எழுந்து ஓடிப்போய்த் தைல டப்பியைக் கொண்டுவந்து, நண்பனின் விரல் ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துத் தேய்த்துவிட்டார். பாக்கெட் அண்ணன் விஷயத்தைத் தொண்டையிலேயே விட்டுவிட்டு, நாற்றமடிக்கும் கையோடு சாப்பாட்டை முடித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அடடா, என்ன யோசனை! கூடத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் கருநீலக் கோட்டு உண்டு. வேலை முடிந்து போகும்போது வாசலோரத்துக் கொக்கிகளில் வரிசையாக மாட்டிவிட்டுப் போவார்கள். எல்லோரும் கிளம்பட்டும் என்று பாக்கெட் அண்ணன் சும்மா தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார். கடைசி ஆளும் போனதும், பூனைமாதிரி நடந்துபோய் ஒவ்வொரு கோட்டுப் பையிலும் ஒரு கைப்பிரதியைச் செருகினார். ஸ்பீக்கர் கோட்டில் மட்டும் இரண்டு. பேச்சும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். காலையில் பைக்குள் கையை விடுவார்கள், கிடைக்கும், படிப்பார்கள். வாழ்நாளெல்லாம் பையிலிருந்து எடுத்தவர் அன்றைக்கு முதல்தடவையாகப் பையில் போட்டுவிட்டு, மனது லேசாகி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை என்பது அவர் மூளைக்கு எட்டவே இல்லை.

சனிக்கிழமை அந்தக் கூடத்தில் யாரும் கோட்டுப் போடமாட்டார்கள். அன்றைக்குத்தான் அவர்களுடைய கோட்டுகளையும் வெளுப்பது. காலையில் முதல் ஆளாக வரும் ஸ்பீக்கர் கொக்கியிலிருந்து மொத்தத்தையும் உருவி, பெரிய ஹோட்டலிலிருந்து வந்து முந்தின நாளே பை பார்த்து வைத்த கறுப்பு உடுப்புகளோடு சேர்த்து மெஷினில் போடுவார். அந்தக் கோட்டுகளின் பையை மட்டும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. பார்த்தால் அவமரியாதை. பையில் காகிதத்தை விடக்கூடாது என்று சலவைக்காரனுக்கா பாடம் எடுப்பது? வெள்ளிக்கிழமை மாட்டும்போதே அவரவர் பையை அவரவர் காலிசெய்துவிடுவார்கள். இந்த வெள்ளிக்கிழமையும் சமர்த்தாகக் காலிசெய்துதான் மாட்டினார்கள். காலிசெய்த பையில் போய் நிரப்பியவர் யார்? உலகத்திலேயே பையில் காகிதம் கிடந்தால் பதறுகிற ஒரே மனிதர்.

அவர் வேலைக்கு வந்து சேர்ந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டுகளில் கைவிட்டுக்கொண்டிருந்தவர், தற்செயலாகக் கொக்கி வரிசையைப் பார்த்தார். காலி. அதற்குள் மெஷின் நின்று, ஸ்பீக்கர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்த சத்தம் ஸ்பீக்கருடையது.

"ஐயையோ, போச்சு!"

கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு, எல்லாவற்றின் மேலும் மாவு கொட்டிப் பிசைந்தாற்போல் வெள்ளை. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். மேற்பார்வை பார்க்கும் மேடம் அலுவலக அறையிலிருந்து விறுவிறுவென்று வந்தார். அந்த உடுப்புகள் சாயங்காலம் ஹோட்டலுக்குப் போயாக வேண்டும். அன்றைக்கு அங்கே பெரிய விருந்து, பரிமாறுகிறவர்கள் அத்தனை பேரும் இதைத்தான் உடுத்த வேண்டும்.

"ஹோட்டல் துணியில பை பாத்தது யாரு?" என்றார் மேடம். கேட்டுவிட்டு அவரே கையை உதறினார். "அண்ணன் பாத்திருப்பார். அவர் பாத்தா இருக்காது. அப்போ நம்ம கோட்டுலதான் ஏதோ இருந்திருக்கு."

எல்லோருடைய கண்ணும் ஒரே திசையில் போனது. கூடத்திலேயே தினம் செய்தித்தாள் வாங்குகிறவர் ஸ்பீக்கர் ஒருவர்தான். படித்து முடித்ததும் நாலாக மடித்துக் கோட்டுப் பையில்தான் வைப்பார்.

ஸ்பீக்கருக்கு முகம் செத்துவிட்டது. "எடுத்த ஞாபகம்தான் மேடம். ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது. நேத்து அவசரத்துல கெளம்பினேன். நான்தான் மறந்திருப்பேன்" என்றார். அந்தக் குரல் அவ்வளவு சன்னமாகி யாரும் கேட்டதில்லை.

கூடத்துக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டாவது ஹால் கட்டி முடித்திருந்தார்கள். திங்கட்கிழமை அதன் சாவி ஸ்பீக்கர் கைக்கு வருவதாக இருந்தது. பொறுப்பாளர் வேலை. அதை நினைத்து ஸ்பீக்கர் வீட்டில் மகள் பக்கத்து வீட்டுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாயிற்று.

"திங்கக்கிழமை விஷயத்தைக் கொஞ்சம் யோசிக்கணும் அண்ணே" என்றார் மேடம். "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு ஹாலையே ஒப்படைக்கறோம். சொந்தப் பையைப் பாக்க மறந்தா எப்படி?"

"புரியுது மேடம்" என்றார் ஸ்பீக்கர்.

பாக்கெட் அண்ணன் காலிக் கொக்கிகளையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். சும்மா இருந்தால் போதும், தெரியவே தெரியாது. தாளெல்லாம் கூழாகிவிட்டது, ஓர் எழுத்து மிச்சமில்லை. பாக்கெட் அண்ணன் கைபட்ட பை என்ற நல்ல பெயர் கல்லுமாதிரி நிற்கும். ஆனால் திங்கட்கிழமை ஸ்பீக்கர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். யாரைப் பற்றிச் சொல்லத் துடித்தாரோ அவர் பெயர் போட்ட தாளாலேயே நண்பன் பிழைப்பில் மண் விழுந்துவிடும். அவர் ஓரடி முன்னால் வந்தார்.

"மே... மேடம். நா... நா..."

ஸ்பீக்கர் விடுவாரா? அந்த வேதனையிலும் பழக்கம் விடவில்லை. "நானும் ஒக்காந்து எடுத்துக் குடுக்கறேங்கறான் மேடம். வாய்யா, நீ ஒருத்தனாவது இருக்கியே" என்று தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு போனார்.

துணியைத் திரும்ப அலசி, டிரையரில் ஓட்டி எடுத்தார்கள். பாதிதான் போனது. மீதியைக் கையால்தான் எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. மடிப்பு மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, ஒட்டும் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு, கால்சட்டை கால்சட்டையாக ஒற்றி எடுக்க ஆரம்பித்தார்கள். மேடமும் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்பீக்கர் பக்கத்தில் பாக்கெட் அண்ணன். ஸ்பீக்கர் தலையைக் குனிந்தபடி, எடுத்தேனா இல்லையா, எடுத்தேனா இல்லையா என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குமேல் தாங்கவில்லை. பாக்கெட் அண்ணன் எழுந்து நின்றார். "நா..." என்றார். ஸ்பீக்கர் வாயைத் திறந்தார். பாக்கெட் அண்ணன் சட்டென்று, டேப் சுற்றிய தன் கையாலேயே ஸ்பீக்கரின் வாயைப் பொத்தினார்.

கூடமே அப்படியே நின்றது. இப்படியொரு காரியத்தை அவர் செய்து யார் பார்த்திருக்கிறார்கள்?

"நா... நா... நான்தான்" என்றார் பாக்கெட் அண்ணன். "நே... நேத்து எல்லார் பையிலயும் க... கைப்பிரதி வெச்சேன். ச... சபைல குடுத்தது. இ... இவன் பேப்பர் இல்ல. இவன் மேல த... தப்பே இல்ல."

சொல்லி முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ, அவ்வளவு நேரமும் கை ஸ்பீக்கரின் வாயிலேயே இருந்தது. பிறகுதான் எடுத்தார். எடுத்தபோது டேப்போடு ஸ்பீக்கரின் மீசை நாலு முடியும் சேர்ந்து வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மேடம்தான் முதலில் பேசினார்.

"எல்லார் பையிலயுமா?"

"ஆ... ஆமா மேடம்."

"என் கோட்டுலயும்?"

"உ... உங்களுதுலயும்."

மேடம் கையிலிருந்த கால்சட்டையை மேஜைமேல் வைத்தார். "அண்ணே, யாருக்கு என்ன நம்பிக்கை வேணும்னாலும் இருக்கட்டும். அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா ஒருத்தர் பையில அவங்களுக்குத் தெரியாம எதையும் வைக்கக் கூடாது. சாமி பேர்ல ஆனாலும் சரி. சொல்லணும்னா சாப்பாட்டு நேரத்துல, கேக்கறவங்ககிட்ட மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அடுத்த வாரத்துலருந்து நம்ம ஆளுங்க கோட்டையும் நீங்கதான் பை பாத்து அனுப்பணும். எல்லாருக்கும் அது அசிங்கம்தான். உங்களாலதான் வந்துச்சு." அப்புறம் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க அண்ணே. திங்கக்கிழமை சாவி வாங்கிக்க வந்துருங்க."

ஸ்பீக்கர் மீசையைத் தடவிக்கொண்டார். பாக்கெட் அண்ணன் உட்கார்ந்தார். அடுத்த கால்சட்டையை எடுத்தார்.

இஸ்திரி போடும் அக்காவுக்கு மௌனம் ஆகாது. அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் மூத்தவள், எதையும் கேட்டுவிடுவாள்.

"ஏன் தம்பி, அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு அதுல? இவ்வளவு பாடுபட்டு ஒண்ணொண்ணா பொறுக்கறோம். விஷயமாவது தெரிய வேணாமா?"

பாக்கெட் அண்ணன் முழித்தார். முகப்பில் சூரியன் இருந்தது தெரியும். உள்ளே பொடி எழுத்து. கண்ணாடி இல்லாமல் அது அவருக்குத் தெரியாது, அதனால் படித்ததே இல்லை.

"ப... படிக்கல அக்கா. க... கண்ணாடி இல்ல" என்றார்.

அப்போது வெடித்தது சிரிப்பு. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் சாய்ந்துவிட்டாள். மேடம்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கினார். ஸ்பீக்கருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "படிக்காமலே எல்லாருக்கும் பட்டுவாடா பண்ணியிருக்கான் பாரு" என்று கத்தியதில் தகரக்கூரை அதிர்ந்தது. பாக்கெட் அண்ணனும் சிரித்தார். வேறு என்ன செய்ய?

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, தாள் போனா போகட்டும். நீ எதுக்கு வாராவாரம் அங்க போற? அதைச் சொல்லு. அதுக்குக் கண்ணாடி வேணாமே."

இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. பாக்கெட் அண்ணன் டேப்பை விரலிலிருந்து கழற்றினார்.

"க... க..." என்றார்.

ஸ்பீக்கரின் வாய் திறந்தது. நாக்கு நுனியில் ஒரு வார்த்தை தயாராக வந்து நின்றது பார்த்தவர்களுக்கே தெரிந்தது. அவர் நண்பனின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"கல்யாணம் ஆன பு... புதுசு" என்றார் பாக்கெட் அண்ணன்.

நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார். நானும் அப்படியே சொன்னால் உங்களுக்குப் பொழுது போய்விடும், ஓட்டிச் சொல்கிறேன். மனைவி அவரை ஒரு வீட்டு ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக ஜெபம் செய்துகொண்டு வந்தார்கள். தன் முறை வருவதற்குள் எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தார், கதவு எதிர்ப்பக்கம் இருந்தது. முறை வந்துவிட்டது. ஆண்டவரே என்று சொல்ல வேண்டும். "ஆ" என்ற எழுத்திலேயே நின்றுவிட்டார். பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. இப்போது யாராவது ஒருவர் சொல்லி முடித்துவிடுவார்கள், அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று நினைத்தார். ஒருவரும் சொல்லவில்லை. அடுப்பில் டீ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அதற்கும் யாரும் எழுந்துபோகவில்லை. கண்ணை மூடியபடி அத்தனை பேரும் காத்திருந்தார்கள். கடைசியில் அந்த ஒரே வார்த்தை வெளியே வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. எல்லோரும் ஆமென் என்றார்கள்.

"எ... என் வார்த்தையை நா... நானே முடிச்சது அன்னைக்குத்தான்" என்றார் பாக்கெட் அண்ணன். "ம... மனுஷங்களே இவ்வளவு நேரம் கா... காத்திருந்தாங்கன்னா, இவங்க கும்பிடறவர் எ... எவ்வளவு காத்திருப்பார்னு தோணுச்சு. ந... நான் பேசறதுக்காக ஒருத்தர் கா... காத்திருக்கார். அ... அதுக்குத்தான் போறேன்."

எல்லோருடைய கையும் நின்றுவிட்டிருந்தது. இஸ்திரி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதை அந்தத் தாள்ல போட்டிருக்க மாட்டாங்க" என்றாள். மேடம் எழுந்துபோய் எல்லோருக்கும் டீ சொன்னார். சாயங்காலம் லாரியில் கடைசிக் கறுப்புக் கோட்டை ஏற்றிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் ஸ்பீக்கர் பேசினார்.

"இத்தனை வருஷமா நீ சொன்னதை நான் ஒரு தடவைகூட முழுசா கேட்டதில்ல இல்ல?"

பாக்கெட் அண்ணன் இல்லையென்று சொல்ல வாயெடுத்தார். பொய் சொல்ல மனசு வரவில்லை. சிரித்துவைத்தார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு மீதிக் கைப்பிரதிக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் சபையில், யாராவது சாட்சி சொல்கிறீர்களா என்று போதகர் கேட்டபோது, பாக்கெட் அண்ணன் தானாக எழுந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். "சொ... சொல்லிட்டேன்" என்றார், உட்கார்ந்துகொண்டார். இதைவிடச் சின்னச் சாட்சியை அந்த மாடியில் யாரும் கேட்டதில்லை. அவருடைய மனைவி மட்டும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்து ஒரு வழியாகிவிட்டாள்.

திங்கட்கிழமை சாவி ஸ்பீக்கரின் இடுப்பில் ஏறியது. அடுத்த சனிக்கிழமை பாக்கெட் அண்ணன் கூச்சத்தோடு கொக்கி வரிசைக்குப் போனார். எல்லாக் கோட்டின் பையும் ஏற்கெனவே வெளியே இழுத்துவிடப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. "பாருங்க அண்ணே, நல்லா பாருங்க, நாங்க சுத்தம்" என்று பின்னாலிருந்து ஒரே கேலி. அன்றிலிருந்து வாராவாரம் இதே கூத்துதான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஸ்பீக்கர் புது ஹாலிலிருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே சாப்பிட வந்தார். பொறுப்பாளருக்குத் தனி அறை உண்டு, அதில் மேஜை நாற்காலி உண்டு. அதெல்லாம் அவருக்கு ஒத்துவரவில்லை. பாதியை நண்பன் டப்பாவில் கொட்டினார்.

"உன்கிட்ட ஒரு வி... வி..." என்றார் பாக்கெட் அண்ணன்.

ஸ்பீக்கரின் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த தைல டப்பியை எடுத்தது. கண்ணால் அதைப் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்தார்.

"விஷயம் சொல்லணும்" என்று முடித்தார் பாக்கெட் அண்ணன். "ஞா... ஞாயித்துக்கிழமை எங்க ச... சபைக்கு வர்றியா?"

"வர மாட்டேன்யா" என்றார் ஸ்பீக்கர், ஒளிவுமறைவில்லாமல். "எனக்கு அதெல்லாம் வராது. உன் மனசு கோணக்கூடாதுன்னு வரேன்னு சொன்னா அது பொய்." சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை எடுத்துவிட்டு, நண்பனுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். "ஆனா அவர் காத்திருப்பார்னு சொன்னியே, அவரைப் பத்திச் சொல்லு. தெனம் கொஞ்சம் சொல்லு. நான் கேக்கறேன்."

பாக்கெட் அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். முதல் வார்த்தையே சிக்கிக்கொண்டது. ஸ்பீக்கர் சோறு ஆறுவதைக்கூடப் பார்க்காமல் காத்திருந்தார்.